காரவள்ளி – கொல்லிமலைப் பகுதியில் 18ஆம் நூற்றாண்டு உழவர் குடும்ப வரலாறு: சான்றுகளும் தடமறியும் முறையும்

ஆய்வுச் சுருக்கம்

அரசர், பாளையக்காரர், வணிகர் ஆகியோரின் குடும்ப வரலாறுகளை எழுதுவதற்குக் கல்வெட்டும் செப்பேடும் நாட்குறிப்பும் துணைநிற்கின்றன. உழவர் குடும்பத்திற்கு அத்தகைய துணை இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனி 1792இல் சேலம் பகுதியைப் பெற்றபின் உருவாக்கிய வருவாய் ஆவணங்களிலேயே உழவர் தனிமனிதராக, பெயருடன், பெருமளவில் இடம்பெறத் தொடங்குகிறார். எனினும் அவ்வாவணங்கள் பதிவுசெய்தது வரி செலுத்துபவரையே, குடும்பத்தை அன்று. கொல்லிமலையின் அடிவாரத்திலுள்ள காரவள்ளியையும் மலைமேல் நாடுகளையும் களமாகக் கொண்டு, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த உழவர் ஒருவரின் கால்வழியை இன்றுவரை இணைப்பதற்குரிய சான்றுகளையும் அவற்றைப் பயன்படுத்தும்போது நேரும் பிழைகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது. பெயரை மட்டும் பின்தொடர்வது தவறான முன்னோரிடம் கொண்டுசேர்க்கும் என்பதும், நிலம், வழிபாட்டுரிமை, மண உறவு ஆகிய மூன்றும் ஒத்துவரும் இடத்திலேயே கால்வழியை உறுதிசெய்ய இயலும் என்பதும் இதன் முடிபாகும்.

திறவுச் சொற்கள்: கொல்லிமலை, காரவள்ளி, இரயத்துவாரி, பட்டா, மிட்டா, மலையாளி, கால்வழி, வாய்மொழி வரலாறு.

முன்னுரை

நாமக்கல் மாவட்டத்தில் சேந்தமங்கலத்திலிருந்து கொல்லிமலைக்குச் செல்லும் சாலை காரவள்ளியில் மலையேறத் தொடங்குகிறது. எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட இச்சாலை 20ஆம் நூற்றாண்டில் அமைந்தது. அதற்கு முன்னர் மலைமக்கள் தலைச்சுமையாகப் பொருள்களை இறக்கி, உப்பும் துணியும் வாங்கிக்கொண்டு கால்நடைப் பாதைகளின் வழியே மலையேறினர். ஆகவே காரவள்ளி போன்ற அடிவார ஊர்கள் மலைக்கும் சமவெளிக்கும் இடைப்பட்ட வாயில்களாக விளங்கின. மலைக்குடிகளும் சமவெளிக் குடிகளும் அருகருகே வாழ்ந்த இத்தகைய ஊர்களிலேயே குடும்ப வரலாற்றைத் தடமறிவது மிகுந்த கவனத்தை வேண்டுகிறது.

கொல்லிமலை சங்க இலக்கியத்தில் வல்வில் ஓரியின் மலையாகப் போற்றப்பெறுவது. இம்மலையின் இலக்கியப் பெருமையும் அறப்பளீசுவரர் கோயிலின் தொன்மையும் பலரால் ஆராயப்பட்டுள்ளன. இம்மலையில் சாமையும் கேழ்வரகும் நெல்லும் விளைவித்த குடும்பங்களின் தொடர்ச்சி அந்த அளவிற்கு ஆய்வாளர் கவனத்தைப் பெறவில்லை. பழம்பெருமையிலிருந்து நேராக நிகழ்காலத்திற்குத் தாவும் போக்கில், இடைப்பட்ட 200 ஆண்டுகளின் குடும்ப வரலாறு விடுபட்டுவிடுகிறது. இவ்விடைவெளியை நிரப்புவதற்கான வழிமுறையை வகுப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆட்சி மாற்றங்களும் உழவரும்

17ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிக்கதேவராயரின் காலத்தில் சேலம் பகுதி மைசூர் ஆட்சிக்குள் வந்தது. 1761இல் ஐதர் அலி மைசூரின் ஆட்சிப்பொறுப்பைக் கைக்கொண்டார். 1768இல் கம்பெனிப் படைகள் நாமக்கல்லைக் கைப்பற்றியதும் ஐதர் விரைவிலேயே அதனை மீட்டதும் இப்பகுதி எதிர்கொண்ட போர்ச்சூழலை உணர்த்தும். மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில் 1792இல் ஏற்பட்ட சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாராமகாலும் சேலமும் கம்பெனியிடம் ஒப்படைக்கப்பட்டன.

இப்பகுதியின் நிருவாகம் அலெக்சாண்டர் ரீடிடம் அளிக்கப்பெற்றது. தாமஸ் மன்றோ, வில்லியம் மக்லவுட், கிரகாம் ஆகியோர் அவருக்குத் துணையாக அமர்த்தப்பெற்றனர். தென்பிரிவு மக்லவுடின் பொறுப்பில் இருந்தது. ரீடின் காலத்தில் நிலங்கள் அளக்கப்பெற்று, வயல் வயலாகத் தீர்வை விதிக்கப்பெற்றது. 1796 டிசம்பர் 10ஆம் நாள் ரீட் வெளியிட்ட அறிவிப்பு, உழவர் ஆண்டுதோறும் தாம் விரும்பிய நிலத்தை வைத்துக்கொள்ளவும் விரும்பாததை விட்டுவிடவும் இடமளித்தது. பின்னாளில் இரயத்துவாரி எனப் பெயர்பெற்ற முறையின் தொடக்கங்களுள் ஒன்றாக வரலாற்றாசிரியர் இதனைக் குறிப்பர்.

குடும்ப வரலாற்று நோக்கில் இம்மாற்றத்தின் விளைவு இருவகைப்பட்டது. ஊர்த்தலைவர், குத்தகைதாரர் ஆகியோருக்குப் பின்னால் மறைந்திருந்த உழவரின் பெயர் அரசுக் கணக்கில் ஏறியது. அதே வேளையில், அண்ணன் தம்பியர், அவர்தம் மனைவியர், முதியோர் எனப் பலரின் உழைப்பால் விளைந்த நிலம் ஒருவர் பெயருக்குரியதாகக் காட்டப்பட்டது. பட்டாவில் காணும் பெயர் குடும்பத் தலைவருடையதாக இருக்கலாம். கச்சேரிக்குச் சென்றுவந்த இளையவருடையதாகவும் இருக்கலாம். பட்டாவை மட்டும் கொண்டு இவ்விரண்டையும் வேறுபடுத்த இயலாது.

ஒப்புநோக்கத் தக்க சான்று இலங்கையில் உள்ளது. டச்சுக் கம்பெனியார் 18ஆம் நூற்றாண்டில் தம் ஆட்சிப்பகுதிகளில் தோம்புகளை எழுதுவித்தனர். தலைத் தோம்பு குடும்ப உறுப்பினரையும் நிலத் தோம்பு அவர்களுக்குரிய நிலங்களையும் பதிவுசெய்தது. இரண்டையும் இணைத்துப் படிப்பவருக்குத் தந்தை, மக்கள், உடன்பிறந்தார், தோட்டம், வயல் ஆகியன ஒருங்கே கிடைக்கின்றன. சேலம் பகுதியின் தொடக்ககால வருவாய் ஆவணம் நிலத் தோம்பிற்கு ஒப்பானது. தலைத் தோம்பிற்கு இணையான பதிவு இங்கு இல்லை. அந்தக் குறையை ஈடுசெய்ய வேறுவகைச் சான்றுகளை நாடவேண்டும்.

ஆவணங்களின் அடுக்கு

கால்வழித் தேடல் அறிந்ததிலிருந்து அறியாததை நோக்கிச் செல்லவேண்டும். 1796இல் ஒரு பெயரைக் கண்டெடுத்து, அங்கிருந்து இன்றைய குடும்பத்தை நோக்கி இறங்கி வருவது பிழைக்கு வழிவகுக்கும். இன்றைய குடும்பத்திலிருந்து தொடங்கி ஒவ்வோர் அடுக்காகப் பின்னோக்கிச் செல்வதே முறை.

முதல் அடுக்கு, 1979இல் தொடங்கிய நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின் ஆவணங்கள். இத்திட்டத்தில் உட்பிரிவுகள் புதிதாக எண்ணிடப்பெற்றதால், பழைய எண்ணையும் புதிய எண்ணையும் இணைத்துக் காட்டும் பதிவேட்டைக் காணாமல் மேலே செல்லக்கூடாது. இரண்டாம் அடுக்கு, பத்திரப்பதிவு ஆவணங்கள். 1865 முதல் நடைமுறைக்கு வந்த இப்பதிவுகளில் பாகப்பிரிவினைப் பத்திரங்கள் பெருமதிப்புடையன. உடன்பிறந்தார் அனைவரும் தந்தை பெயருடன் ஓரிடத்தில் தோன்றுவது பெரும்பாலும் இவற்றிலேதான். மதராஸ் மாகாணத்தின் 1899ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி நடைபெற்ற பிறப்பு, இறப்புப் பதிவுகளும் இக்காலத்திற்கு உதவும். மூன்றாம் அடுக்கு, 1858இல் தொடங்கப்பெற்ற நில அளவைத் துறையின் பணியைத் தொடர்ந்து 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவான தீர்வைப் பதிவேடுகள். அதற்கு முந்தைய பைமாஷ் கணக்குகளில் நிலங்கள் எண்ணைவிடப் பெயராலும் எல்லையாலும் அறியப்பட்டன.

இவ்வடுக்கிற்கும் ரீட் காலத்திற்கும் இடையில் ஒரு பெரும் இடைவெளி உண்டு. 1802 முதல் சேலம் பகுதியில் நிலையான நிலவரித் திட்டம் புகுத்தப்பெற்று, ஊர்கள் மிட்டாக்களாகப் பிரித்து ஏலத்தில் விற்கப்பட்டன. மிட்டாதார் பலர் தவணை செலுத்த இயலாது போகவே அவர்களுடைய மிட்டாக்கள் மீண்டும் அரசிடம் வந்தன. எஞ்சியவை 1948ஆம் ஆண்டு எஸ்டேட்டுகள் ஒழிப்புச் சட்டம் வரை நீடித்தன. மிட்டாவாக இருந்த காலம் முழுவதும் அரசுக் கணக்கில் மிட்டாதாரே தோன்றுவார். உழவர் பெயர் மிட்டாதாரின் கணக்கிற்குள் சென்றுவிடும். ஆகவே ஒரு பெயர் 1802க்குப் பின் அரசுப் பதிவில் மறைந்தது கொண்டு அக்குடும்பம் ஊரைவிட்டு நீங்கியது என்று முடிவுகட்டலாகாது. 1865ஆம் ஆண்டு வாரவசூல் சட்டத்தின்படி நிலக்கிழாரும் உழவரும் மாற்றிக்கொண்ட பட்டா, முச்சிலிக்கா ஆகியன இவ்விடைவெளியின் பிற்பகுதியை ஓரளவு நிரப்பும்.

இடைவெளியைக் கடந்தபின் நான்காம் அடுக்காக அமைவன பாராமகால் ஆவணங்கள். இவை 1907 முதல் பல பகுதிகளாக மதராஸ் அரசால் அச்சிடப்பெற்றன. நிருவாகம், குடிகள், விளைபொருள், நிலவரி எனப் பொருள்வாரியாக அமைந்த இத்தொகுதிகள் ஊர்ச் சூழலை அறியத் துணைபுரியும். அச்சேறியவை தெரிந்தெடுக்கப்பட்டவையே என்பதை ஆய்வாளர் மறத்தலாகாது.

ஊர்க்கணக்குகள் இவ்வடுக்குகள் அனைத்திற்கும் ஊடாகச் செல்வன. தமிழ்நாட்டில் பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகள் 1980இல் ஒழிக்கப்பட்டன. அதுவரை கர்ணத்தின் குடும்பத்தில் தங்கியிருந்த சுவடிகளும் கணக்கேடுகளும் அதன்பின் கவனிப்பாரின்றிப் போகும் நிலை ஏற்பட்டது. களப்பணியில் உழவர் வீட்டைப் போலவே கணக்கர் வீட்டையும் நாடுவது இதனால் இன்றியமையாததாகிறது.

காலக் கணிப்பில் நேரும் பிழை

ஊர் ஆவணங்களில் காலம் பெரும்பாலும் தமிழ் ஆண்டுப் பெயரால் குறிக்கப்பெறும். அறுபதாண்டுச் சுழற்சியில் ஒரே பெயர் மீண்டும் மீண்டும் வரும். சான்றாக, ரீடின் அறிவிப்பு வெளியான 1796 டிசம்பர் நள ஆண்டில் அடங்கும். ‘நள வருடம் தை மாதம்’ என்று மட்டும் குறிப்பிடும் ஓர் ஓலையை 1737, 1797, 1857 ஆகிய மூன்று ஆண்டுகளின் தை மாதத்திற்கும் பொருத்தலாம். பசலி 1206 என்ற குறிப்பும் உடனிருப்பின் அது 1797க்கு உரியது என்பது ஐயமின்றித் துணியப்படும். 1857ஆம் ஆண்டுத் தை மாதம் பசலி 1266இல் அமையும்.

பசலி இல்லாதவிடத்து, ஓலையில் வரும் பதவிப் பெயர், நாணயம், வரியின் பெயர், நில அளவு ஆகியவற்றைக் கொண்டு காலத்தைக் கணிக்கவேண்டும். மிட்டாதார் என்ற சொல் வரும் ஓலையை 1797இல் வைக்க இயலாது. ஒரு சுழற்சி பிழைபட்டால் இரண்டு தலைமுறைகள் கூடவோ குறையவோ செய்யும். தலைமுறைக்கு ஏறத்தாழ 28 ஆண்டுகள் எனக் கொண்டால் 1796இலிருந்து இன்றுவரை எட்டுத் தலைமுறைகளே கணக்கில் வரும். அவற்றுள் இரண்டு பிழைபடுவது கால்வழியையே குலைத்துவிடும்.

பெயரும் பட்டமும்

பாட்டனின் பெயரைப் பேரனுக்கு இடுவது தமிழர் வழக்கு. ‘பெயரன்’ என்ற சொல்லே இதற்குச் சான்று. ஒரே பாட்டனின் பெயரை அண்ணன் மகனும் தம்பி மகனும் தாங்குவதால், ஒரே தலைமுறையில் ஒரே ஊரில் ஒரே பெயருடையோர் பலர் இருப்பர். தெய்வப் பெயர்கள் வழங்கும் ஊர்களில் உறவில்லாத குடும்பங்களிலும் அதே பெயர்கள் காணப்படும். தந்தை பெயர் சேர்த்து எழுதப்பட்ட இடத்திலும் சிக்கல் தீர்வதில்லை. ‘இராமன் மகன் கந்தன்’, ‘கந்தன் மகன் இராமன்’ என்று மாறிமாறி வரும் வரிசையில், குறிப்பிட்ட கந்தன் இரண்டாம் தலைமுறையினனா நான்காம் தலைமுறையினனா என்பதைப் பெயர் தெரிவிப்பதில்லை.

பட்டப்பெயர் மற்றொரு சிக்கல். கொல்லிமலை மலையாளிகள் கவுண்டர் என்ற பட்டத்தை வழங்குகின்றனர். அடிவாரத்திலும் சமவெளியிலும் கொங்கு வேளாளர், வேட்டுவர், வன்னியர் ஆகியோரிடையேயும் இப்பட்டம் வழங்குகிறது. எனவே காரவள்ளி போன்ற அடிவார ஊரின் 18ஆம் நூற்றாண்டுக் கணக்கில் ‘கவுண்டன்’ என முடியும் பெயரைக் கண்டவுடன் அவரை இன்ன குடியினர் எனத் துணிதல் கூடாது. சாதியைத் தனிப்பத்தியாகக் கொண்ட குடிக்கணக்கெடுப்பு 1871க்குப் பிற்பட்டது. அதன் பாகுபாட்டை முந்தைய ஆவணத்தின்மேல் ஏற்றுவது காலவழு ஆகும். கேரளத்து மொழியினரோடு மலையாளி என்னும் இப்பெயருக்குத் தொடர்பில்லை. மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்ற பொருளிலேயே இது இங்கு வழங்குகிறது.

இடப்பெயர்வு மரபும் கால்வழியும்

மலையாளிகளிடையே தம் முன்னோர் காஞ்சிபுரத்து வேளாளர் என்றும், உடன்பிறந்தார் மூவர் அங்கிருந்து புறப்பட்டுச் சேர்வராயன், கொல்லி, பச்சை ஆகிய மலைகளில் குடியேறினர் என்றும் ஒரு மரபு வழங்குகிறது. பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்ற பெயர்கள் அம்மரபில் இடம்பெறுகின்றன. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய தொகுதிகளில் இம்மரபு பதிவாகியுள்ளது.

இப்பெயர்களை உற்றுநோக்கின் அவை இயற்பெயர்களாக அன்றி உடன்பிறப்பு வரிசையைக் குறிக்கும் முறைப்பெயர்களாக இருப்பது புலனாகும். மூன்று மலைகளின் மக்களும் தம்முள் உறவினர் என்பதையும், அவ்வுறவில் மூப்பு வரிசை உண்டு என்பதையும் இம்மரபு எடுத்துரைக்கிறது. அவ்வகையில் இது மக்களின் உறவமைப்பைப் பற்றிய மதிப்புமிக்க சான்று. ஒரு தனிக்குடும்பத்தின் வம்சாவளியில் சின்னண்ணனை முதல் முன்னோராக எழுதி, அவருக்கும் 1796ஆம் ஆண்டு உழவருக்கும் இடையே தலைமுறைகளை நிரப்புவது மட்டும் ஏற்கத்தக்கதன்று.

வாய்மொழி வரலாற்றறிஞர் யான் வான்சினா, தொடக்கத்தைப் பற்றிய செய்திகளும் அண்மைத் தலைமுறைகளைப் பற்றிய செய்திகளும் செறிவாக இருக்க, இடைப்பட்ட காலம் வெறுமையாக இருப்பதை ‘மிதக்கும் இடைவெளி’ என விளக்கினார். காலம் செல்லச்செல்ல அவ்விடைவெளியும் முன்னோக்கி நகரும். கொல்லிமலைப் பகுதிக் குடும்பங்களுக்கு 18ஆம் நூற்றாண்டு இவ்விடைவெளிக்குள் விழுகிறது. மேலும், அச்சேறிய மரபுகள் படித்தோர் வழியாக மக்களிடம் திரும்பிச் செல்வதும் உண்டு. நேர்காணலில் கிடைக்கும் கூற்று பாட்டன் வாய்வழி வந்ததா, நூல்வழி வந்ததா என்பதைத் தகவலாளியிடமே பணிவுடன் கேட்டறிதல் ஆய்வாளர் கடமை.

நிலம், தெய்வம், மண உறவு

பெயரும் மரபுக்கதையும் உறுதி தராத நிலையில் மூன்று சான்றுகள் துணைநிற்கின்றன.

முதலாவது நிலம். கொல்லிமலையில் பள்ளத்தாக்கின் அடியிலமைந்த நெல்வயல்களும் சரிவிலுள்ள புன்செய்களும் ஒரே தன்மையன அல்ல. காடு திருத்திப் பயிரிட்ட மேட்டுநிலம் இடம்மாறும். நீர்வளமுடைய வயல் எளிதில் கைவிடப்படாது. எனவே வயலின் பெயர், அதன் நீர்வரத்து, அதன் நான்கெல்லை ஆகியவற்றைப் பின்தொடர்வது பட்டாதாரர் பெயரைப் பின்தொடர்வதைவிட நிலையான வழியாகும். 1796க்குப் பின் நிலத்தை விட்டுவிடும் உரிமை இருந்ததால், ஓராண்டில் பெயர் காணாமற்போவது குடும்பத்தின் அழிவைக் காட்டாது. அதே வயல் சில ஆண்டுகளில் யாரிடம் திரும்பியது என்பதையே நோக்கவேண்டும். சேலம் மாவட்ட மலைகளில் நிலத்தை அளவாமல் ஏரையும் கொத்தையும் எண்ணி வரி கொண்ட முறையும் இருந்தது. அவ்வகைக் கணக்கு கிடைக்குமாயின், அது நிலத்தைக் காட்டாவிடினும் ஒரு வீட்டின் உழைப்பு வலிமையைக் காட்டும்.

மலைக்கு மலை இச்சான்று வேறுபடும். கல்வராயன் மலை சடைய கவுண்டர், குறும்ப கவுண்டர், அரிய கவுண்டர் ஆகியோரின் ஜாகீர்களாக இருந்தது. அரசு அவற்றை 1976இல் நேரடி நிருவாகத்தில் கொணர்ந்தது. அங்கு ஜாகீர்தாரைக் கடந்து தனி உழவரை அரசு ஆவணத்தில் காண்பது அரிது. கொல்லிமலைக்குப் பொருந்தும் ஆவண முறையைக் கல்வராயனுக்கும் பச்சைமலைக்கும் அப்படியே நீட்டிக்க இயலாது என்பதற்கு இது சான்று.

இரண்டாவது வழிபாட்டுரிமை. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு, தின்னனூர் நாடு எனக் கொல்லிமலை பல நாடுகளாகப் பகுக்கப்பெற்றுள்ளது. இன்றைய ஊராட்சிகளும் அப்பெயர்களையே தாங்கியுள்ளன. நாட்டிற்கும் ஊருக்கும் பட்டக்காரர், ஊர்க்கவுண்டர் முதலிய மரபுவழிப் பொறுப்பாளர் உண்டு. திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு, பொங்கலிடும் வரிசை யாது, குலதெய்வத்திற்கு வரி கொடுக்கும் பங்காளிகள் யாவர் என்பன ஆண்டுதோறும் பலர் முன்னிலையில் உறுதிசெய்யப்படுகின்றன. தவறான உரிமையை மற்றவர் எதிர்ப்பர். ஆதலால் ஒருவர் தனித்துக் கூறும் வம்சாவளியைவிட ஊரார் ஒப்புக்கொண்ட வரிசைக்கு வலு மிகுதி. அடிவாரத்திற்கு இறங்கிய குடும்பம் எந்த மலைநாட்டின் கோயிலுக்கு இன்றும் வரி செலுத்துகிறது என்பது அதன் முந்தைய ஊரைக் காட்டும்.

மூன்றாவது மண உறவு. வருவாய் ஆவணத்தில் பெண் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. எனினும் தாய்மாமன் சீர் செய்யும் கடமை, தாயின் பிறந்தகத்தைக் குடும்ப நினைவில் நிலைநிறுத்துகிறது. பங்காளிகளுள் மணம் இல்லை என்ற விதி, யார் யார் ஒரே கால்வழியினர் என்பதைத் தெளிவாக்குகிறது. ஒரே பெயருடைய இரு பட்டாதாரரின் வழியினர் இன்று தம்முள் கொண்டுகொடுப்போராயின், அவ்விருவரையும் ஒரே தந்தைவழியில் வைக்க இயலாது. ஆவணத்தால் தீராத ஐயத்தை மண உறவு தீர்க்கும் இடம் இது. குடும்பத்து மூதாட்டியரிடம் மேற்கொள்ளும் நேர்காணல் இதனால் தனிச்சிறப்புப் பெறுகிறது.

உறுதியின் படிநிலைகள்

மேற்கூறிய சான்றுகளின் அடிப்படையில் கால்வழியின் ஒவ்வோர் இணைப்பையும் மூன்று நிலைகளுள் ஒன்றாகக் குறிக்கலாம். நிலம், வழிபாட்டுரிமை, மண உறவு மூன்றும் ஆவணப் பெயரோடு ஒத்துவரின் அது உறுதியான இணைப்பு. இரண்டு ஒத்து, மூன்றாவது முரண்படாதிருப்பின் அது வாய்ப்புமிக்க இணைப்பு. பெயரோ குடும்பக் கூற்றோ மட்டும் இருப்பின் அது மரபுக்கூற்று. வம்சாவளியை வரைபடமாக அளிக்கும்போது இம்மூன்றையும் வேறுபடுத்திக் காட்டுதல் வேண்டும். எல்லாவற்றையும் ஒரே கோட்டால் இணைத்துக் காட்டும் வரைபடம், படிப்பவருக்கு இல்லாத உறுதியை அளிக்கிறது.

இவ்வேறுபாடு ஆய்வொழுங்கு சார்ந்ததாக மட்டும் நின்றுவிடுவதில்லை. பழங்குடியினர் பட்டியலில் மலையாளி என்ற பெயர் தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி ஆகிய மாவட்டங்களுடன் இணைத்தே குறிக்கப்பெற்றது. நாமக்கல் 1997இல் சேலத்திலிருந்து பிரிந்த மாவட்டம். ஈரோடு மாவட்ட மலைகளில் வாழ்வோர் இப்பட்டியலில் இடம் வேண்டி நெடுங்காலமாகக் கோரிவருகின்றனர். மலையிலிருந்து இறங்கிய குடும்பத்திற்கும் மாவட்ட எல்லையைக் கடந்த குடும்பத்திற்கும் முன்னோர் எவ்வூரினர் என்பது கல்வியையும் நிலத்தையும் தொடும் வினாவாகிவிடுகிறது. ஆய்வாளர் அவசரத்தில் எழுதிய ஒரு வரி, சான்றாக எடுத்தாளப்பட்டு ஒரு குடும்பத்திற்கு நன்மையோ தீங்கோ செய்யக்கூடும். உறுதியில்லாததை உறுதியெனக் கூறாமை இங்கு அறமும் ஆகிறது.

முடிவுரை

18ஆம் நூற்றாண்டு உழவரைக் கம்பெனியின் ஆவணம் வரி செலுத்துபவராகக் காட்டுகிறது. மரபுக்கதை மூதாதையின் வழித்தோன்றலாகக் காட்டுகிறது. இவற்றுள் எதுவும் தனித்து அவருடைய குடும்பத்தைக் காட்டுவதில்லை. பெயரிடும் வழக்கு, பொதுவான பட்டம், அறுபதாண்டுச் சுழற்சி, மிட்டா முறை ஏற்படுத்திய இடைவெளி ஆகியன கால்வழித் தேடலில் பிழை நேரும் இடங்கள் என இக்கட்டுரை இனங்கண்டது. வயலின் தொடர்ச்சி, கோயில் வரிசை, கொண்டுகொடுக்கும் முறை ஆகியவற்றை ஆவணத்தோடு ஒப்பிட்டு, இன்றிலிருந்து பின்னோக்கிச் செல்வதே ஏற்ற வழியென நிறுவியது. இம்முறை பெரும்பாலான குடும்பங்களை 1790களுக்கு அப்பால் கொண்டுசெல்லாது. அவ்வெல்லைக்கு முற்பட்டது குலத்தின் வரலாறு. அதன் இப்பாலுள்ளதே ஒரு குடும்பத்தின் வரலாறு. அடிவார ஊர்களின் கணக்கேடுகளைத் தொகுப்பதும், நாடுகள்தோறும் வழிபாட்டு வரிசைகளையும் வயற்பெயர்களையும் பதிவுசெய்வதும், மூத்த தலைமுறையினர் வாழும்போதே மேற்கொள்ளவேண்டிய பணிகளாகும்.